ஏ.வி.எம். கால்வாயைத் தேடிப் போய் 1,800 ரூபாய் விட்ட கதை

முதலில் படகுக் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது. கேரளத்துப் பூவாற்றில் பஸ்ஸை விட்டு இறங்கி இருபது அடி நடப்பதற்குள் மூன்று பேர் சூழ்ந்துகொண்டார்கள். "போட்டிங் சார், மூவாயிரம், ஒண்ணரை மணி நேரம்." நானும் தம்பியும் இரண்டே பேர். பேசிப் பேசி 1,800க்கு இறக்கினோம். ஏறி உட்கார்ந்ததும் ஒண்ணரை மணி நேரம் ஐம்பது நிமிடமாகச் சுருங்கிவிட்டது. கேட்டால், "வெள்ளம் ஏறுது சார்" என்கிறார். நெய்யாறு கடலில் சேரும் இடத்து மணல்திட்டு அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் வந்தது கால்வாயைப் பார்க்க. "அந்தப் பக்கம் கொஞ்சம் விடுங்களேன்" என்றதற்கு, "அங்க ஒண்ணுமில்ல, வேஸ்ட்டு" என்று படகைத் திருப்பிவிட்டார்.

ஏ.வி.எம். என்றதும் வடபழனி ஸ்டுடியோ ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. இது அனந்த பத்மநாபர், விக்டோரியா மகாராணி, மார்த்தாண்ட வர்மா என்று மூன்று பெயர்களைச் சேர்த்து வைத்தது. 1860இல் உத்திரம் திருநாள் மகாராஜா காலத்தில் திருவிதாங்கூர் அரசு ஆரம்பித்த வேலை. திருவனந்தபுரத்தில் வள்ளம் ஏறினால் கன்னியாகுமரியில் இறங்கலாம் என்பது திட்டம். கன்னியாகுமரிக்கு அது போய்ச் சேரவே இல்லை. பூவாற்றிலிருந்து குளச்சலைத் தாண்டி மண்டைக்காடு வரை வெட்டியதோடு சரி. 1956இல் மாநிலம் பிரிந்தபோது கால்வாயும் இரண்டு பங்காகிவிட்டது.

சரி, வரிசையாகச் சொல்வதாக இருந்தேன். காலையில் திருநெல்வேலியிலிருந்து ரயிலில் குழித்துறை, அங்கிருந்து மார்த்தாண்டம், அப்புறம் தேங்காய்ப்பட்டணம் பஸ். அதை பஸ் என்று சொல்வதே மரியாதைக்குத்தான். என் சீட்டின் சாய்மானம் ஒவ்வொரு பிரேக்குக்கும் பின்னால் இருந்தவர் மடியில் போய் விழுந்தது. ஐம்பது ரூபாய் கொடுத்தேன். கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் மீதியைக் கிறுக்கிவிட்டு, "எறங்கும்போது வாங்கிக்கோங்க" என்றார். இறங்கும்போது அவர் முன்வாசலில், நான் பின்வாசலில்.

தேங்காய்ப்பட்டணத்தில் அந்தக் கோபம் போய்விட்டது. காரணம் சாப்பாடு. ஓலைக்கூரைக் கடை, பெயர்ப்பலகைகூட இல்லை. மசித்த மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, வாழையிலையில் குவித்து, நடுவில் குழி பறித்து, சாளை மீன் குழம்பை ஊற்றினார்கள். தேங்காய் அரைத்து, குடம்புளி போட்ட குழம்பு. மரச்சீனி மஞ்சளிலிருந்து மெதுவாகச் சிவக்கும் வரை காத்திருந்து சாப்பிட வேண்டும் என்று பக்கத்து இலைக்காரர் பாடம் எடுத்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து 140 ரூபாய். பூவாற்றுப் படகுக்காரர் இங்கே வந்து விலை சொல்லப் பழகட்டும்.

அரபு வணிகர்கள் வந்து போன பழைய துறைமுகம் இது. இங்குள்ள பெரிய பள்ளிவாசலை மாலிக் இப்னு தீனார் கட்டியதாக ஊரில் சொல்கிறார்கள். நாங்கள் போனது தொழுகை நேரம் என்பதால் வெளியில் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பினோம். பக்கத்தில் கடலில் கலக்கும் ஆறும் தாமிரபரணிதான். நம்ம ஊர்க்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், இது குழித்துறைத் தாமிரபரணி.

ஆற்றுக்கு மேற்கே இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று எட்டு மீனவ ஊர்கள். ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது, புதிய சர்ச் கோபுரம் வந்தால் ஊர் மாறிவிட்டது என்று அர்த்தம். 1544இல் சவேரியார் வந்து ஞானஸ்நானம் கொடுத்த கரை. ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் தூத்தூர்க்காரர்களுக்கு நாடு முழுக்கப் பெயர். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது இந்த ஊர்கள்தான் அதிகம் இழந்தன. சில வீட்டு முகப்பில் மாலை போட்ட வாலிபர் படங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே கேமராவை எடுக்கவில்லை.

கால்வாய் இந்த ஊர்களுக்குப் பின்னாலேயே வருகிறது. வருகிறது என்பது மரியாதைக்கு. ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக், கோழிக்கடைக் கழிவு. ஓரிடத்தில் என்னாலேயே தாண்டிவிட முடியும், அவ்வளவு ஒடுக்கம். ஒரு பாட்டி வாசலில் தேங்காய் நாரைத் தொடையில் வைத்து உருட்டிக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை ஓட ஓட இரண்டு புரி ஒன்றாகிக் காலடியில் சுருண்டு விழுந்தது.

"வள்ளம் வள்ளமா போகும் மக்களே. தொண்டு மூட்டி இதுலதான் ஊறப்போடுவோம். மாசக்கணக்குல கெடக்கும், அப்புறம் எடுத்துத் தல்லணும். நாத்தம் தாங்காது." தொண்டு என்றால் தேங்காய் மட்டை, தல்லுவது என்றால் அடிப்பது.

"இப்பவும் நாறத்தானே செய்யுது பாட்டி?"

"அது சோறு போட்ட நாத்தம்லா" என்றவர், சாயா குடிக்கியளா என்று எழுந்தே விட்டார். காசு கொடுக்கப் போன தம்பிக்குத் திட்டு விழுந்தது.

நீரோடியோடு தமிழ்நாடு முடிகிறது. அடுத்தது கேரளத்துப் பொழியூர், அப்புறம் பூவாறு. அங்கே நடந்ததைத்தான் மேலே சொல்லிவிட்டேனே. மொத்தச் செலவு 3,100, அதில் பாதிக்கு மேல் அந்த ஐம்பது நிமிடம். போகிறவர்கள் தேங்காய்ப்பட்டணத்தில் ஆட்டோ பேசி நீரோடி வரை போய்த் திரும்புங்கள், எங்களுக்கு 500 ஆனது. சில்லறையும் கொண்டுபோங்கள். மீதி எழுதிய அந்த டிக்கெட் இன்னும் என் பர்ஸில்தான் இருக்கிறது.