பிசிறு வெட்டிய கூலி

என் அம்மா திருப்பூரில் பதினெட்டு ஆண்டுகள் பனியன் கம்பெனியில் கைமடிக்கும் வேலை பார்த்தவர். ஓவர்லாக் மெஷினிலிருந்து வந்து விழும் ஒவ்வொரு பீஸையும் டெய்லரின் அருகிலிருந்து வாங்கி, சிறு கத்தரியால் பிசிறு வெட்டி, மடித்து அடுக்க வேண்டும். ஒன்றரை ஷிப்ட் முடித்து அவர் வீடு திரும்பும்போது தலைமுடியெங்கும் பஞ்சு படிந்திருக்கும். தாராபுரம் பக்கத்து வானம் பார்த்த பூமியை விட்டு வந்த எங்கள் குடும்பம் மூன்று வேளை சாப்பிட்டதும், நான் கல்லூரி வாசலை மிதித்ததும் அந்தச் சம்பளத்தில்தான். ஆகவே ஏற்றுமதிக்காகத் தைத்துக் கொடுக்கும் தொழிற்சாலைகளை வெறும் சுரண்டல் என்று ஒதுக்க என் மனம் ஒப்பாது.

ஆனால் எல்லாத் தொழிற்சாலையும் ஒன்றல்ல. மெக்சிகோ 1965-இல் அமெரிக்க எல்லையோரம் ‘மக்கிலாடோரா’ ஆலைகளுக்கு வழி திறந்தது. துணியும் உதிரிபாகங்களும் சுங்கவரியின்றி உள்ளே வந்து, சியுடாட் ஹுவாரெஸ், டிஹுவானா போன்ற ஊர்களில் தைக்கப்பட்டோ பொருத்தப்பட்டோ மீண்டும் அமெரிக்காவுக்கே சென்றன. 2000 வாக்கில் பத்து லட்சம் பேருக்கும் மேல் அவற்றில் வேலை செய்தார்கள். ஆயினும் அந்த ஆலைகள் பயன்படுத்திய பொருள்களில் உள்நாட்டில் வாங்கியவை நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. நாட்டுக்குள் தங்கியது பெரும்பாலும் கூலிதான். 2001-இல் அமெரிக்கச் சந்தை தளர்ந்து, சீனாவும் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது, அந்தக் கூலியும் பல்லாயிரம் பேருக்கு இல்லாமல் போயிற்று.

திருப்பூரின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. கோயம்புத்தூர், பல்லடம், உடுமலை வட்டாரத்து மில்களில் நூற்ற நூல், ஊருக்குள்ளேயே நிட்டிங், சாயம், துணி சுருங்காமல் பதப்படுத்தும் காம்பாக்டிங், பிரிண்டிங், காஜா-பட்டன் என்று கைமாறி, உள்ளூர் அட்டைப்பெட்டியில் ஏறித் தூத்துக்குடித் துறைமுகம் போகிறது. ஷிப்மெண்ட்டில் கழிந்த செகண்ட்ஸ் துணிக்கும் ஊருக்குள் காதர்பேட்டைச் சந்தையில் விலை உண்டு. டெய்லராக உட்கார்ந்தவர் பத்து மெஷின் வாங்கி ஜாப் ஒர்க் எடுத்து, பின்னர் தாமே கம்பெனி வைத்த கதைகள் இங்கே ஏராளம். தொழிலைக் கற்றுக்கொண்டு மேலேறும் இந்தப் படிகள் எல்லை ஆலைத் தொழிலாளிக்கு அரிதாகவே கிடைத்தன.

இதற்கு நாம் கொடுத்த விலையை மறைப்பது நியாயமாகாது. பாசனத்துக்கென்று நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. கீழ்ப்பகுதி உழவர்களின் கிணறுகள் உவர்த்தன. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான், கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத சுத்திகரிப்பு உண்மையிலேயே வேர்பிடித்தது. அந்நியச் செலாவணிக் கணக்கில் அந்தக் கிணறுகள் எந்த வரியிலும் ஏறவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

இப்போது ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி பொருத்தும் ஆலைகளைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். எத்தனை பேருக்கு வேலை என்ற கேள்வியோடு, அந்தக் கைப்பேசியின் எத்தனை பாகங்கள் நம் பட்டறைகளில் பிறக்கின்றன என்றும் அரசு ஆண்டுதோறும் கணக்குச் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான இறக்குமதி வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது எங்கள் தெருவின் காஜா-பட்டன் பட்டறையில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகச் சுருங்கியது. ஆனாலும் மெஷின்களை அவர்கள் விற்கவில்லை. உள்நாட்டு ஆர்டருக்குப் பட்டன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.