ஒட்டாவா கோ-ஒப்பும் பத்து வருட முகவரியும்

கோ-ஒப் வேலைக்கு இன்ரர்வியூதான் பெரிய கண்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2024 செப்ரெம்பர் தவணைக்குக் கனடா மத்திய அரசாங்கத்தின் திணைக்களம் ஒன்றில் வேலை எடுத்த பிறகுதான் தெரிந்தது, இன்ரர்வியூ முக்கால் மணித்தியாலத்தில் முடிந்துபோகிற விசயம். மிச்சமெல்லாம் படிவம். அதில் ஒரேயொரு பக்கத்தை நிரப்ப எங்கள் வீட்டில் மூன்று பேரும், வட்ஸ்அப்பில் இரண்டு நாடுகளிலிருந்து நாலு பேரும், இரண்டு முழு இரவுகளும் தேவைப்பட்டன.

நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வளர்ந்தவன். வளர்ந்தவன் என்றால் பதின்மூன்று வயதிலிருந்து. 2017 மார்ச்சில் இலங்கையிலிருந்து வந்து இறங்கினோம். இப்போது ஒன்ராறியோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறேன். கோ-ஒப் பற்றித் தெரியாத பெற்றோருக்காக ஒரு வரி: ஒரு தவணை வகுப்பு, ஒரு தவணை சம்பளத்தோடு வேலை, மாறி மாறி. வோட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கியதே இந்த முறையோடுதான். பிறகு மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

அரசாங்கத்துக்குள் மாணவராகப் போக முக்கியமாக இரண்டு வழி இருக்கிறது. ஒன்று எஃப்ஸ்வெப் என்று எல்லோரும் சொல்கிற கூட்டாட்சி மாணவர் வேலைத் திட்டம். அதில் ஒரு விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆள் தேவைப்படும் திணைக்களத்துக்கு, தகுதியுள்ளவர்களிலிருந்து எழுந்தமானமாகச் சில பெயர்களை அனுப்புவார்கள். எனக்கு ஒரு வருடமாக ஒரு மின்னஞ்சலும் வரவில்லை. மற்றது பல்கலைக்கழகத்தின் கோ-ஒப் வேலை விளம்பரத் தளம் வழியாக, குறிப்பிட்ட ஒரு வேலைக்கு நேரடியாக விண்ணப்பிப்பது. நான் போனது இந்த வழியில். குடியுரிமை உள்ளவர்களுக்கும் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும் முன்னுரிமை உண்டு.

அரசாங்க விளம்பரத்தைத் தனியார் கம்பனி விளம்பரம் போலப் படிக்கக்கூடாது. 'கட்டாயத் தகுதிகள்' என்று நாலைந்து வரி இருக்கும். அந்த நாலைந்தையும் ஒவ்வொன்றாக எடுத்து, எங்கே எப்போது செய்தேன் என்று விண்ணப்பத்தோடு அனுப்பும் கவர் லெட்டரில் எழுத வேண்டும். 'எனக்கு எக்செல் நன்றாகத் தெரியும்' என்று எழுதினால் போதாது. எதற்காகப் பயன்படுத்தினேன், எத்தனை மாதம் என்று இருக்க வேண்டும். முதல் தவணையில் இது தெரியாமல் பதினொரு அரசாங்க வேலைகளுக்கு ஒரே கடிதத்தை அனுப்பினேன். ஒன்றுக்கும் கூப்பிடவில்லை. இரண்டாவது தவணையில் மூன்றுக்கு மட்டும் அனுப்பினேன், இரண்டுக்குக் கூப்பிட்டார்கள்.

இன்ரர்வியூ ஜூன் மாதம், டீம்ஸ் வீடியோவில். மூன்று பேர் இருந்தார்கள். கேள்விகளை இருபது நிமிடம் முன்னதாக அனுப்பினார்கள். நான் எதிர்பார்க்காதது, நான் கதைக்கும்போது ஒருவரும் என்னைப் பார்க்காதது. மூன்று பேரும் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார்கள். சிரிப்பில்லை, தலையாட்டல் இல்லை. சரி, கதை முடிந்தது என்று நினைத்தேன். பிறகு விளங்கியது, எல்லா விண்ணப்பதாரிக்கும் அதே கேள்வி, அதே நேரம், சொன்ன பதிலுக்குத்தான் புள்ளி. விண்ணப்பத்தில் எழுதியிருந்தாலும் வாயால் சொல்லாவிட்டால் கணக்கில் வராது.

அதில் நான் விட்ட பிழை எங்கள் ஆட்கள் பலரும் விடுகிற பிழை என்று நினைக்கிறேன். 'நாங்கள் ஒரு செயலி செய்தோம், நாங்கள் பிழைகளைத் திருத்தினோம்' என்று எல்லாவற்றுக்கும் 'நாங்கள்' போட்டேன். 'நான் செய்தேன்' என்று சொல்வது பெருமையடிப்பது போல ஒரு கூச்சம். மூன்றாவது கேள்வியில் ஒருவர் நிமிர்ந்து, 'அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று கேட்டார். நல்ல மனிசி. அவர் கேட்டிருக்காவிட்டால் எனக்கு இந்த வேலை கிடைத்திருக்காது.

யூலை இரண்டாம் கிழமை மின்னஞ்சல் வந்தது. வேலை உங்களுக்குத்தான், ஆனால் பாதுகாப்பு அனுமதி கிடைத்தால். அந்த 'ஆனால்'தான் இந்தக் கதை.

எல்லா அரசாங்க வேலைக்கும் குறைந்தது 'நம்பகத்தன்மை' நிலை வேண்டும். அதற்குக் கைரேகை, குற்றப் பதிவு, கடன் வரலாறு, கடந்த ஐந்து வருட விபரம். என் வேலைக்கு அதற்கு மேலே 'சீக்ரெட்' நிலை கேட்டார்கள். அதில் பத்து வருடம். 330-60 என்று ஒரு படிவம். எங்கே வசித்தீர்கள், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, இடையில் ஒரு மாதமும் விடுபடக்கூடாது. கூடப் படித்த கனடாப் பெடியன் ஒருவன் இரண்டே வரியில் முடித்தான்: அம்மா அப்பாவின் வீடு, பல்கலைக்கழக விடுதி.

எனக்குப் பத்து வருடம் பின்னால் போனால் 2014 யூலை. வவுனியா.

சமையலறை மேசையில் அம்மா, அப்பா, நான். அம்மா விரல் விட்டு எண்ணத் தொடங்கினா. வவுனியா வீடு, கொக்குவில் வாடகை வீடு, விசாவுக்காக வெள்ளவத்தை லொட்ஜில் இருந்த மூன்று மாதம், இங்கே வந்து மாமாவின் பேஸ்மென்ட், பிறகு அப்பார்ட்மென்ட், இப்போதைய வீடு, அதோடு நான் தவணைக்குத் தவணை எடுத்த அறைகள். கொக்குவிலில்தான் சிக்கியது.

"கோயில் ஒழுங்கை எண்டு எழுது, போதும்."

"வீட்டு நம்பர் கேக்கினம் அம்மா."

"நம்பர் இருந்தால்தானே! தபால்காரனுக்கு அப்பாவின்ர பேர் தெரியும்."

இதைப் படிவத்தில் எப்படி எழுதுவது? வட்ஸ்அப்பில் கொக்குவிலில் இருக்கும் சித்தியைப் பிடித்தோம். அவ அந்த வீட்டுக்காரரைப் பிடித்தா. அவர் வீட்டை விற்றுவிட்டு லண்டன் போய்விட்டாராம். கடைசியில் அப்பா ஒரு பழைய கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். விதானையார் (கிராம அலுவலர்) தந்த வதிவிடக் கடிதங்கள், பாடசாலை விடுகைப் பத்திரம், எல்லாம் பொலித்தீனில் சுற்றி அடுக்கியிருந்தது. 'கனடா வந்த பிறகும் இதை ஏன் அப்பா வைத்திருக்கிறீங்கள்' என்று ஒரு காலத்தில் நான் சிரித்த கோப்பு. இலக்கம் இல்லாத இடத்தில் 'வீட்டு இலக்கம் இல்லை' என்று எழுதி, ஒழுங்கை, ஊர், கிராம அலுவலர் பிரிவு எல்லாவற்றையும் போட்டேன்.

அடுத்தது அம்மாவின் பிறந்த திகதி. அம்மாவுக்கு இரண்டு பிறந்தநாள். உண்மையானது ஒன்று, பதிவில் உள்ளது ஒன்று. நாங்கள் கேக் வெட்டுவது உண்மையானதுக்கு. படிவத்தில் பதிவில் உள்ளதைத்தான் போட வேண்டும்; கடவுச்சீட்டும் குடியுரிமைத் தாளும் அதைத்தான் சொல்லும். இது சின்ன விசயம் போலத் தெரிந்தாலும், ஒரு தாளில் ஒன்று இன்னொரு தாளில் இன்னொன்று என்று இருந்தால் அங்கேயே நிற்கும்.

இனி என் முட்டாள்தனம். 2015 ஆரம்பத்தில் வவுனியா வீட்டை விட்டு, கொக்குவில் வீடு கிடைக்கும் வரை இரண்டு மாதம் கிளிநொச்சியில் பெரியம்மா வீட்டில் இருந்தோம். இரண்டு மாதம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். மறைக்க அல்ல, வெறும் பஞ்சி. கிளிநொச்சி என்று எழுதினால் இன்னும் நாலு கேள்வி வரும் என்ற பயமும் கொஞ்சம் இருந்தது, பொய் சொல்லவில்லை. படிவம் திரும்பி வந்தது. 2015 ஜனவரியில் ஒரு முகவரி முடிகிறது, ஏப்ரலில் அடுத்தது தொடங்குகிறது, இடையில் எங்கே இருந்தீர்கள்? நான் உடனே பதில் எழுதினேன். ஆனால் படிவத்தைத் திருப்பி அனுப்பிய அதிகாரி அதற்குள் இரண்டு கிழமை விடுமுறையில் போய்விட்டார். அவர் வந்து பார்த்தபோது ஓகஸ்ட் முடியப் போகிறது. கிளிநொச்சியைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இடைவெளியைப் பற்றித்தான் கேட்டார்கள்.

செப்ரெம்பர் 3ஆம் திகதி தொடங்கியிருக்க வேண்டிய வேலை. அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. எங்கள் பல்கலைக்கழகத்தில் குறைந்தது 12 கிழமை வேலை செய்தால்தான் தவணை கணக்கில் வரும். ஆக, செப்ரெம்பர் கடைசிக்குள் தொடங்காவிட்டால் கோ-ஒப்பும் இல்லை, வகுப்பும் இல்லை. ஒட்டாவாவில் எடுத்த அறைக்கு வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் மனேஜருக்குத் தினமும் மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். அவருக்கும் ஒன்றும் தெரியாது. பல்கலைக்கழகத்தின் கோ-ஒப் ஆலோசகருக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நான் சொன்னேன், அவர் தொடக்கத் திகதியைத் தள்ளிப்போட எழுத்தில் அனுமதி எடுத்துத் தந்தார். 11ஆம் திகதி பின்னேரம் அனுமதி வந்தது. 16ஆம் திகதி, திங்கட்கிழமை, வேலைக்குப் போனேன்.

நியமனக் கடிதம் ஆங்கிலம் ஒரு பக்கம், பிரெஞ்சு ஒரு பக்கம் என்று வந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டு இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'ஒவ்வொண்டும் ரெண்டு மொழியில வருமோ?' என்றார். வரும் அப்பா, 1969இலிருந்து இங்கே அது சட்டம் என்றேன். அவர் அரசாங்கக் கடிதம் என்று கண்டது பெரும்பாலும் சிங்களத்தில் வந்து, வாசிக்கத் தெரிந்த ஆளைத் தேடிப் போக வைத்த கடிதங்கள். வேறொன்றும் சொல்லவில்லை. கடிதத்தைப் பொலித்தீனில் போட்டு அந்தக் கோப்பில் வைத்தார்.

வேலையைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை, சொல்லவும் முடியாது. முதல் எட்டு நாள் மடிக்கணினி இல்லை. கடதாசிக் கையேடு படித்தேன். ஒரு பழைய தரவுத்தளத்தில் இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடிப்பது என் பொறுப்பு. பைதனில் அரை நாளில் எழுதிவிடலாம், ஆனால் பைதனைக் கணினியில் போடவே அனுமதி விண்ணப்பம், அதற்கு மூன்று கிழமை. எக்செலில் செய்தேன். கூட்டங்களில் பாதி பிரெஞ்சில் நடக்கும். எனக்கு 'போன்ஜூர்' தாண்டாது. அந்தச் செப்ரெம்பர் 9ஆம் திகதியிலிருந்துதான் கிழமைக்கு மூன்று நாள் அலுவலகம் வரவேண்டும் என்ற விதி வந்திருந்தது. எல்லோரும் ஒரே நாளில் வந்து மேசைக்கு அடிபட்டார்கள். முன்கூட்டிப் பதியாவிட்டால் சாப்பாட்டு அறையில் இருந்துதான் வேலை.

காசு விசயத்தில் ஒருவரும் முன்கூட்டிச் சொல்லாத இரண்டைச் சொல்லிவிடுகிறேன். மாணவர் சம்பளத்துக்கு ஒரு அட்டவணை உண்டு. எத்தனை தவணை படித்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் படிநிலை. பேரம் பேச இடமில்லை. விடுமுறைக்குப் பதிலாக 4 வீதம் சேர்த்துத் தருவார்கள். இரண்டு கிழமைக்கு ஒரு முறை சம்பளம், அதுவும் இரண்டு கிழமை பிந்தி. ஆகவே முதல் காசு ஒக்டோபர் நடுப்பகுதியில்தான் கையில் வந்தது. 2016இல் அரசாங்கம் கொண்டுவந்த பீனிக்ஸ் சம்பள முறையால், சம்பளம் பிழையாகவும் பிந்தியும் வந்து, பல்லாயிரம் ஊழியர்கள் பட்ட பாடு ஊரறிந்தது, அதனால் கூட வேலை செய்தவர்கள் 'ஒவ்வொரு சம்பளச் சீட்டையும் சேமித்து வை' என்று முதல் நாளே சொன்னார்கள். எனக்குச் சரியாக வந்தது. ஆனாலும் ஆறு கிழமை வாடகையைக் கையில் வைத்துக்கொண்டு போனது நல்லதாகப் போயிற்று.

மற்றது வரி. நான் இருந்தது ஒட்டாவாவில். அலுவலகம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கற்றினோவில். பாலத்தைத் தாண்டினால் கியூபெக். ஆகவே என் சம்பளத்தில் கழித்தது கியூபெக் மாகாண வரி. முதல் சம்பளத்தைப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டுப் போனேன். வருடச் சம்பளத்தையும் கழித்த வரியையும் காட்டும் ரி4 சீட்டோடு கியூபெக்கின் ரெலெவே-1 என்ற இன்னொரு சீட்டும் வரும். டிசம்பர் 31ஆம் திகதி ஒன்ராறியோவில் வசித்தால் ஒன்ராறியோக்காரராகத்தான் வரி தாக்கல் செய்ய வேண்டும். கியூபெக்குக்குக் கழித்ததையும் அதே படிவத்தில், கட்டிய வரியாகக் காட்ட வேண்டும். அந்தச் சீட்டை எறிந்துவிட்டால் அந்தக் காசும் போனதுதான். என்னோடு வேலை செய்த ஒரு பிள்ளை கிட்டத்தட்ட எறிந்தேவிட்டாள்.

டிசம்பரில் மனேஜர் அடுத்த தவணைக்கும் வரச் சொன்னார். அனுமதி கையில் இருப்பதால் இந்த முறை முகவரிப் பக்கம் இல்லை. படிப்பு முடிந்த பிறகு விளம்பரம் போடாமலே முன்னாள் மாணவரை நிரந்தர வேலைக்கு எடுக்கும் 'பிரிட்ஜிங்' என்றும் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிக் கதை வந்தது, அவ்வளவுதான். வாக்குறுதி ஒன்றும் இல்லை.

ஒக்டோபரில் ஒரு நாள், வேலை நேரத்தில் அம்மா எடுத்தா. நான் ஏதோ ஆபத்தென்று ஓடிப்போய்ப் படிக்கட்டில் நின்று கதைத்தேன்.

"தம்பி, கொக்குவில் வீட்டு லைட் பில் ஒண்டு சீலைப் பெட்டிக்குள்ள கிடந்தது. நம்பர் இருந்திருக்கு. இருபத்தேழின் கீழ் மூண்டு."

"அனுமதி வந்திட்டுது அம்மா. போன மாதமே வந்திட்டுது."

"தெரியும். தங்கச்சிக்குத் தேவைப்படும், எழுதி வை."

தங்கச்சி இப்போது பதினோராம் வகுப்பு. அவள் அந்தப் படிவத்தை நிரப்பும் நேரத்தில் பத்து வருடக் கணக்கு ஸ்காபரோவிலேயே நின்றுவிடும். கொக்குவில் அதற்குள் வராது. அதை அம்மாவுக்குச் சொல்லவில்லை. 27/3 என்று எழுதி வைத்துக்கொண்டேன்.