ஸ்க்ரைபாகப் போகிறீர்களா?

செமஸ்டர் நெருங்கினால் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பிக்கும்: பார்வையற்ற மாணவர் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதிக்கொடுக்க ஆள், அதாவது ஸ்க்ரைப், தேவை. "நான் வரேன்" என்பவர்கள் நிறைய. வார நாள், காலை நேரம் என்று தெரிந்ததும் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். அதையாவது பொறுக்கலாம். முந்தின நாள் இரவில் கைவிரிப்பதைத்தான் பொறுக்க முடியாது. வேறு ஆள் கிடைத்தாலும், அடையாள அட்டை, கல்விச் சான்று நகல்களோடு படிவம் கொடுத்து அனுமதி வாங்க நேரம் இருக்காது. காசு வாங்காத வேலைதானே என்ற எண்ணம் இங்கே ஒருவரின் செமஸ்டரையே தின்றுவிடும்.

தகுதியை முதலில் பாருங்கள். மாணவரே அழைத்துவரும் ஸ்க்ரைப், அவரைவிட ஒரு படி குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்றது மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல். ஆர்வத்தோடு வரும் பட்டதாரிகள் இதில்தான் அடிபடுகிறார்கள். தேர்வு நடத்தும் அமைப்பின் இப்போதைய விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதே வழிகாட்டுதல்படி மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும். கை கடுக்கும், ஓடிப் பழகிய பேனா இரண்டு வேண்டும்.

வினாத்தாளை ஒருமுறை முழுசாக வாசியுங்கள், மதிப்பெண்ணோடு. "எவையேனும் ஐந்து", "அல்லது" ஆகியவற்றை விழுங்கிவிட்டால் மாணவர் தேவையில்லாத கேள்விக்கு அரை மணி நேரம் செலவழிப்பார். கணக்கில் அடைப்புக்குறி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, வர்க்கமூலத்துக்குள் எதுவரை என்று சொல்லிச் சொல்லி வாசிக்க வேண்டும். ஒரு மதிப்பெண் வினாவில் நான்கு விடைகளையும் ஒரே குரலில். சரியான விடையில் குரல் லேசாக ஏறினாலே அது காப்பிதான்.

தப்பாகச் சொன்னால் தப்பாகவே எழுதுங்கள். நன்றாகப் படித்த ஸ்க்ரைபுக்கு இதுதான் கஷ்டம். பெயர்ச்சொல், ஆங்கில வார்த்தை என்றால் எழுத்துக்கூட்டச் சொல்லிக் கேளுங்கள். அவர் யோசிக்கும்போது அவசரப்படுத்த வேண்டாம். கேட்டால் கடைசி வரியை மட்டும் வாசித்துக்காட்டுங்கள். விடைக்கான வட்டத்தை நிரப்பும் ஓஎம்ஆர் தாளில் ஒவ்வொரு வட்டத்துக்கும் முன் கேள்வி எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒன்று தள்ளிப்போனால் அதற்குப் பிறகு எல்லாமே தள்ளிப்போகும்.

முடிந்தால் ஒரே மாணவருக்கு எல்லாத் தாள்களையும் எழுதுங்கள். அவர் சொல்லும் வேகம் இரண்டாவது தாளில்தான் உங்கள் கைக்குப் பிடிபடும்.