2-3 வயது சைஸ் மார்ச் 2 ஆனபோது

போன மாதம் எங்கள் பிளானிங் செக்‌ஷனில் புதிதாக ஒரு தம்பி சேர்ந்தார். பி.காம். முடித்தவர், கீபோர்டில் கை வேகம். மூன்றாம் நாளே கேட்டார்: "அண்ணா, இந்த சிஸ்டத்துல எக்ஸெல் இருக்கு, லிப்ரே ஆபீஸ் கால்க் இருக்கு, போதாததுக்கு கூகுள் ஷீட்ஸ் வேற. எதை நல்லாக் கத்துக்கட்டும்?"

நல்ல கேள்வி. மூன்றுமே கட்டம் கட்டமாகக் கணக்கு வைக்கும் ஸ்ப்ரெட்ஷீட் மென்பொருள்கள்தான். அவருக்கு டீக்கடையில் நின்றுகொண்டு பாதி சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். எதில் எத்தனை ஃபங்ஷன் இருக்கிறது என்று கணக்குப் போடும் ஒப்பீடுகள் நிறைய வருகின்றன. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. நாம் கொடுத்த டேட்டாவில் எது நம்மைக் கேட்காமல் கைவைக்கிறது, எது கேட்டுவிட்டுக் கைவைக்கிறது?

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் 11 வருஷமாக இருக்கிறேன். எங்களுடையது பெரும்பாலும் குழந்தைகள் துணி. நூல் வாங்குவதிலிருந்து கார்ட்டன் லாரியில் ஏறும் வரைக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கணக்கு பிறக்கும். நிட்டிங்கில் கிலோ, டையிங்கில் கிலோ, கட்டிங்கிலிருந்து பீஸ், கடைசியில் கார்ட்டன். இவை எல்லாம் என் மேஜைக்கு வந்து சேரும்போது யாரோ ஒருவருடைய எக்ஸெல், யாரோ ஒருவருடைய சாஃப்ட்வேர் கக்கிய சிஎஸ்வி (கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்), வாட்ஸ்அப்பில் வந்த ஃபோட்டோ என்று பல ரூபத்தில் இருக்கும்.

2024-ல் நடந்தது இது. எங்களிடம் துணி வாங்கும் ஒரு பையரிடமிருந்து சைஸ் வாரியாக ஆர்டர் அளவு சிஎஸ்வி ஃபைலில் வந்தது. சைஸ்கள் 2-3, 3-4, 5-6, 7-8, 9-10. வயதுக் கணக்கு, குழந்தைகள் துணியில் இப்படித்தான் வரும். ஃபைலை டபுள் கிளிக் செய்தேன், எக்ஸெலில் திறந்தது. ஒரு ஸ்டைலின் பெயரில் எழுத்துப் பிழை இருந்தது, அதைத் திருத்தி சேவ் செய்தேன். அதே ஃபைல் ஸ்டிக்கர் அடிக்கப் போனது. சாயங்காலம் பேக்கிங்கில் கார்ட்டன் ஸ்டிக்கரைப் பார்த்தால், சைஸ் என்ற இடத்தில் '02-மார்ச்' என்று அடித்திருக்கிறது. அடுத்தது '03-ஏப்ரல்'. மொத்தம் 640 ஸ்டிக்கர்.

எக்ஸெல் 2-3 என்பதைத் தேதி என்று எடுத்துக்கொண்டது. இந்தியத் தேதி முறையில் இரண்டாம் தேதி, மூன்றாம் மாதம். சைஸ் காலத்தை, அதாவது மேலிருந்து கீழாக வரும் அந்த வரிசையைப் பிடித்து, டெக்ஸ்ட் (வெறும் எழுத்து) என்று மாற்றிப் பார்த்தேன். 2-3 திரும்பி வரவில்லை, 45353 என்று ஒரு எண் வந்தது. எக்ஸெல் தேதியை உள்ளே நாள் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து எக்ஸெல் எண்ணும் கணக்கில் 2024 மார்ச் 2 என்பது 45353. அதாவது சைஸ் போயே போய்விட்டது. சேவ் செய்த நொடியில் சிஎஸ்வியிலும் 02-மார்ச் என்றே எழுதிவிட்டது. பையர் அனுப்பிய மெயிலிலிருந்து ஃபைலை மறுபடி எடுத்துத்தான் சரி செய்தேன். ஸ்டிக்கர் எல்லாம் மறுபடி அடித்து, பேக்கிங்கில் எட்டுப் பேர் இரவு பத்தரை வரை இருந்து ஒட்டினார்கள். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அன்று மதியமே அந்த ஃபைலில் ஒரு பிவட் டேபிள், அதாவது வகை வாரியாகக் கூட்டிக் காட்டும் சுருக்கப் பட்டியல், போட்டிருந்தேன். வரிசையில் மார்ச், ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட், அக்டோபர் என்று நின்றது. காலம் முழுக்கத் தேதியாக இருந்தால் புதிய எக்ஸெல் பிவட்டில் தானாகவே மாத வாரியாகக் கூட்டிக் காட்டும். மாத வாரி ஷிப்மெண்ட் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். கூட்டல் தப்பில்லை, மொத்த பீஸ் சரியாகத்தான் இருந்தது. சந்தேகம் வர வழியே இல்லை.

இது பனியன் கம்பெனிப் பிரச்சினை மட்டும் இல்லை. மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு, 2020-ல் சில பெயர்களையே மாற்றியது. மார்ச்1 என்ற மரபணு மார்ச்எஃப்1 ஆனது, செப்ட்1 என்பது செப்டின்1 ஆனது. ஆராய்ச்சியாளர்களின் எக்ஸெல் தாள்களில் அவை தேதியாக மாறிக்கொண்டே இருந்ததுதான் காரணம். 2023-ல் மைக்ரோசாஃப்ட் ஒரு வசதி கொடுத்தது. ஆப்ஷன்ஸில் டேட்டா பகுதிக்குப் போனால், முன்னால் வரும் பூஜ்யத்தை வெட்டாதே, நீள எண்ணைச் சுருக்காதே என்றெல்லாம் சொல்லலாம். சிஎஸ்வி திறக்கும்போது இப்படி மாற்றப் போகிறேன் என்று கேட்கவும் வைக்கலாம். ஆனால் தேதி விஷயத்தில் அது பார்ப்பது எழுத்தும் எண்ணும் ஒட்டி வரும் ஜேஏஎன்1 (JAN1) போன்றவற்றைத்தான். நடுவில் கோடு போட்ட எங்கள் 2-3 சைஸுக்கு அதனால் பலன் இல்லை.

கால்க்கில் இதே ஃபைலைத் திறந்தால் நேராகத் திறக்காது. முதலில் ஒரு பெட்டி வரும். என்ன எழுத்துக் குறியீடு, காலங்களைப் பிரிப்பது கமாவா டேபா என்று கேட்கும். கீழே ஃபைலின் முதல் சில வரிகள் தெரியும். அதில் சைஸ் காலத்தின் தலையில் கிளிக் செய்து 'டெக்ஸ்ட்' என்று தேர்ந்தெடுத்தால் 2-3, 2-3 ஆகவே உள்ளே வரும். அவசரத்தில் பலர் அந்தப் பெட்டியைப் பார்க்காமலே ஓகே அழுத்துவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தப் பத்து வினாடிதான் கால்க்கின் பெரிய பலம். அமெரிக்க பையர் அனுப்பும் தேதிக்கும் அங்கேயே மருந்து இருக்கிறது. 04/07 என்று அவர்கள் எழுதினால் ஏப்ரல் 7. நம் சிஸ்டம் அதை ஜூலை 4 என்று படிக்கும். 04/18 வந்தால் பதினெட்டாவது மாதம் கிடையாது, அதனால் தேதியாக மாறாமல் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். ஒரே காலத்தில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் நின்றால், வலப்பக்கம் நிற்பவைதான் தப்பு. கால்க் பெட்டியில் 'மாதம்-நாள்-வருஷம்' என்று அந்தக் காலத்துக்குச் சொல்லிவிட்டால் எல்லாம் ஒழுங்காக வந்துவிடும்.

தமிழில் பெயர் இருக்கும் பட்டியலுக்கும் நான் கால்க்கைத்தான் திறப்பேன். எங்கள் சம்பளப் பட்டியலில் தொழிலாளர் பெயர் தமிழில்தான் இருக்கும். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சிஎஸ்வியாக வந்ததை எக்ஸெலில் டபுள் கிளிக் செய்தால் பெரும்பாலும் பெயர்கள் தலையில் கோடு போட்ட லத்தீன் எழுத்துகளாகச் சிதறிவிடும். கால்க் குறியீடு என்ன என்று கேட்கிறது, சொன்னால் அழகாகத் திறக்கிறது. எக்ஸெலிலிருந்து அனுப்புபவர்கள் சேவ் செய்யும்போதே 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை வராது.

அதே பட்டியலில் வங்கிக் கணக்கு எண்ணும் உண்டு. எந்த ஸ்ப்ரெட்ஷீட்டாக இருந்தாலும் கணக்கு எண்ணை எண்ணாக வைக்காதீர்கள். எக்ஸெல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண் என்றால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். ஒருவருடைய மாதச் சம்பளம் அந்த ஒரு பூஜ்யத்தால் நின்றுபோகும். காலத்தை முதலில் டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு அப்புறம்தான் எண்ணை ஒட்ட வேண்டும்.

கூகுள் ஷீட்ஸ் கதை வேறு. 2-3 அடித்தால் அதுவும் தேதியாக்கும், அதில் எக்ஸெலுக்கு அண்ணன் தம்பிதான். ஆனால் அங்கே டேட்டா பிறக்கிற இடத்திலேயே பிடிக்கலாம். எங்கள் ஆறு லைனிலும் மணிக்கு எத்தனை பீஸ் என்பதை சூப்பர்வைசர்கள் ஃபோனிலேயே ஷீட்ஸில் போடுகிறார்கள். முன்பு நோட்டில் எழுதி, ஆறு மணிக்கு மேல் ஒருவர் உட்கார்ந்து ஏற்றுவார். 7-ஐ 1 என்று படித்து ஏற்றினால் யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் செக்கிங் சூப்பர்வைசர் அக்கா ஃபோனோடு நேராக என்னிடம் வந்துவிட்டார். "ஏந்தம்பி, மத்தியானம் நான் 84 போட்டேன். இப்பப் பாத்தா 48-ன்னு இருக்குது. யாரு மாத்துனதுங்க?" அந்த செல்லை ரைட் கிளிக் செய்து திருத்த வரலாற்றைத் திறந்தேன். 84 இருந்தது, 2:40-க்கு பேக்கிங் செக்‌ஷன் கணக்கிலிருந்து 48 ஆகியிருக்கிறது. பேக்கிங் பையன் தன் எண்ணை ஒரு வரி மேலே தவறிப் போட்டிருக்கிறார். இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. நோட்டுக் காலமாக இருந்தால் அன்றைக்கு அக்காவுக்கும் பேக்கிங்குக்கும் பெரிய மனஸ்தாபம் ஆகியிருக்கும். அன்று சாயங்காலமே ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் அவரவர் வரி மட்டும் திறந்திருக்கும்படி மற்றதைப் பூட்டிவிட்டேன்.

ஷீட்ஸில் ஒரு பழக்கத்தை மட்டும் ஆரம்பத்திலேயே நிறுத்த வேண்டும். நாளுக்கு ஒரு டேப் (ஃபைலுக்குள் தனித் தாள்) போடக் கூடாது. ஒரு ஃபைலுக்கு மொத்தம் 1 கோடி செல் என்பது அதன் எல்லை, காலி செல்லும் அதில் சேரும். புது டேப் ஒன்று 1,000 வரி, 26 காலம், அதாவது 26,000 செல்லோடு பிறக்கிறது. வருஷத்துக்கு 300 வேலை நாள் என்றால் 78 லட்சம் செல் போய்விடும், பாதிக்கு மேல் வெற்றிடம். தேதி, லைன், மணி, பீஸ் என்று நாலே காலத்தில் ஒரே நீளப் பட்டியலாகப் போட்டால் வருஷக்கணக்கில் தாங்கும், பிவட்டும் ஒழுங்காக வரும்.

சரி, அலசுவதற்கு எது? அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, எக்ஸெல்தான். பவர் கொயரி என்ற ஒன்றுக்காகவே சொல்வேன். 2016 பதிப்பிலிருந்து அது எக்ஸெலுக்குள்ளேயே இருக்கிறது. டையிங் யூனிட்டுகள் அனுப்பும் ஃபைல்களை ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டு, அந்த ஃபோல்டரைக் காட்டினால் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகச் சேர்த்துத் தருகிறது. அடுத்த வாரம் புது ஃபைலைப் போட்டு ரெஃப்ரெஷ் அழுத்தினால் போதும். அங்கேயும் அது தானாகக் காலத்தின் வகையை மாற்றும். ஆனால் மாற்றியதை வலப்பக்கம் ஒரு படியாக எழுதி வைக்கிறது. பிடிக்கவில்லை என்றால் அந்தப் படியை நீக்கிவிடலாம், மூல ஃபைல் தொடாமல் அப்படியே இருக்கும். டபுள் கிளிக்கில் செய்யும் தப்பை இங்கே அதே எக்ஸெல் செய்வதில்லை.

டையிங் லாஸ், அதாவது சாயம் போட்டு வரும்போது துணியின் எடை குறையும் கணக்கை உதாரணத்துக்குச் சொல்கிறேன், பலர் தடுக்கி விழும் இடம். ஒரு லாட்டில் 1,000 கிலோ துணி போய் 50 கிலோ குறைந்து வந்தது, 5 சதவீதம். இன்னொரு லாட்டில் 100 கிலோ போய் 15 கிலோ குறைந்தது, 15 சதவீதம். சதவீதக் காலத்துக்கு ஆவரேஜ் போட்டால் 10 வரும். உண்மையில் 1,100 கிலோவுக்கு 65 கிலோ, அதாவது 5.9 சதவீதம்தான். பத்தை நம்பி அந்த யூனிட்காரரிடம் சண்டைக்குப் போனால் நியாயம் நம் பக்கம் இருக்காது. எக்ஸெல் பிவட்டில் 'கால்குலேட்டட் ஃபீல்டு' போட்டால் முதலில் இரண்டு காலத்தையும் கூட்டி, அப்புறம்தான் வகுக்கும். 5.9 வரும். ஷீட்ஸ் பிவட்டிலும் இதற்கு வழி உண்டு. கால்க் பிவட்டில் அந்த வசதி இல்லை, பக்கத்தில் தனியாக ஃபார்முலா எழுத வேண்டும்.

பட்டியலில் ஒன்றைத் தேடி அதற்கான விவரத்தை எடுத்துத் தரும் ஃபார்முலாக்களில், எக்ஸ்லுக்கப் வந்த பிறகு பழைய விலுக்கப்பை மறந்துவிடலாம் என்று பலர் சொல்கிறார்கள். உங்கள் சிஸ்டத்தில் சரி. கால்க்கிலும் 2024-ல் வந்த 24.8 பதிப்பிலிருந்து எக்ஸ்லுக்கப் இருக்கிறது, ஷீட்ஸில் 2022-லேயே வந்துவிட்டது. ஆனால் எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் எக்ஸெல் 2016. அங்கே அந்த செல் மறுபடி கணக்கிடும்போது பிழைதான் வரும். வெளியே போகும் ஃபைலில் நான் இன்றும் அதே வேலையைச் செய்யும் பழைய இண்டெக்ஸ்-மேட்ச்தான் எழுதுகிறேன்.

எக்ஸெலின் பழைய வடிவமான எக்ஸ்எல்எஸ் ஃபைலை யாராவது அனுப்பினால் முதல் வேலையாகப் புதிய வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆக மாற்றிவிடுங்கள். பழையதில் 65,536 வரிதான், புதியதில் 10,48,576. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் 15,841 கோவிட் தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமல் போனதற்கு அந்தப் பழைய வடிவமும் அதன் வரி எல்லையும்தான் காரணம். வரி நிரம்பியதும் மீதி சத்தமில்லாமல் விடுபட்டுவிட்டது. தொற்று வந்தவர்களோடு பழகியவர்களுக்குத் தகவல் சொல்வது அதனால் தாமதமானது. எங்கள் ஸ்டிக்கரை ஓர் இரவில் மறுபடி அடித்துவிட்டோம். அவர்களுக்கு அந்த வழி இல்லை.

தம்பியிடம் முதல் வாரம் கால்க்கின் அந்தப் பெட்டியையும், இரண்டாம் வாரம் பவர் கொயரியையும் கற்றுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். ஷீட்ஸை அக்காவிடம் கற்றுக்கொள்ளட்டும், அவர் என்னைவிடப் பொறுமையாகச் சொல்லித் தருவார்.

சைஸ் விஷயத்துக்கு ஒரு வழி கண்டோம். எங்கள் சைஸ் மாஸ்டரில் (எல்லா சைஸும் இருக்கும் மூலப் பட்டியல்) எல்லாவற்றுக்கும் கடைசியில் ஆங்கில 'ஒய்' எழுத்தைச் சேர்த்துவிட்டோம், வயதுக்கு அடையாளமாக. ஒய் ஒட்டியிருந்தால் அது எதிலும் தேதி ஆகாது. பையர்களிடம் கேட்டபோது இரண்டு பேர் உடனே ஒத்துக்கொண்டு அவர்கள் ஃபைலிலும் மாற்றிவிட்டார்கள். ஒருவர் மட்டும் இன்னும் வெறும் 2-3 என்றே அனுப்புகிறார். அவருடைய ஃபைல் வரும் நாளில் நானே உட்கார்ந்து கால்க்கில் திறந்து, சைஸ் காலத்தை டெக்ஸ்ட் ஆக்கி, அப்புறம்தான் தம்பியிடம் கொடுக்கிறேன்.