ஜிமிக்கி, மொச்சை, கத்தரிக்காய்: இரண்டாயிரத்துக்குள் மூன்று இயர்பட்ஸ்

"பூஜையில இருக்கீங்களாம்மா? அப்புறமா கூப்பிடட்டுமா?"

போன வருடம் ஒரு நாள் காலையில், போனில் பேசிக்கொண்டிருந்த கிளையன்ட் ஒருவர் இப்படிக் கேட்டார். நான் இருந்தது கடற்கரை செல்லும் மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு. அவருக்குக் கேட்ட மணிச்சத்தம் என் ஜிமிக்கி. காதிலிருந்து கீழே நீளும் இயர்பட்ஸ் தண்டின் நுனியில்தான் மைக் இருக்கிறது. ஜிமிக்கி ஆடுவதும் சரியாக அந்த இடத்தில்தான். வண்டி குலுங்கும்போதெல்லாம் கிணிங், கிணிங். அவர் என்னைப் பெரிய பக்தை என்று நினைத்திருப்பார்.

யூடியூபில் இயர்பட்ஸ் விமர்சனம் செய்யும் தம்பிகள் எவ்வளவோ சொல்கிறார்கள். இதை யாரும் சொன்னதில்லை. அவர்கள் காதில் ஜிமிக்கி இல்லை, மாட்டல் இல்லை, தலையில் பூ இல்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

எனக்கு வேலை நுங்கம்பாக்கத்தில் ஒரு சின்ன ஆடிட்டர் அலுவலகத்தில். வீடு கூடுவாஞ்சேரி. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளையன்ட்களின் ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யும் கெடு மாதம் 11ஆம் தேதி (ஜிஎஸ்டிஆர்-1 படிவம்), 20ஆம் தேதி (3பி படிவம்). இந்தத் தேதிகள் நெருங்கினால் ரயிலே எனக்கு அலுவலகம். பாட்டுக் கேட்பதைவிடப் போனில் பேசுவதுதான் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நான் சொல்லப்போகும் தீர்ப்பெல்லாம் இதை வைத்துத்தான்.

பிராண்டு பெயர்களைச் சொல்லப் போவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெயருக்குப் பின்னால் உள்ள எண்ணை மாற்றிவிடுகிறார்கள். நான் வாங்கிய மூன்றில் இரண்டு இப்போது கடையிலேயே கிடையாது. எங்கள் வீட்டில் அவற்றுக்குக் காய்கறிப் பெயர்தான்: கொத்தவரங்காய், மொச்சை, கத்தரிக்காய். பெண்கள் பெட்டியில் எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கும் அக்காக்களைப் பார்த்துப் பார்த்து வந்த புத்தி.

2016இல் ஆப்பிள் முதல் ஏர்பாட்ஸை அறிவித்தபோது இந்தியாவில் அதன் விலை 15,400 ரூபாய். அப்போது என் ஒரு மாதச் சம்பளம் அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இன்று அதே மாதிரி வெள்ளைத் தண்டோடு ஒன்றை 799க்கு வாங்க முடிகிறது. கொத்தவரங்காயை அப்படித்தான் ரிச்சி தெருவில் ஒரு கடையில் வாங்கினேன். பில் கேட்டதற்குக் கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அதில் ரப்பர் கிடையாது. காதுக்குள் பாதி நுழைந்து, மீதி தொங்கும். வலி இல்லை, அடைப்பு இல்லை, பக்கத்தில் பேசுவதும் கேட்கும். ஆனால் ரயில் சத்தமும் அப்படியே உள்ளே வரும். ஒலியை ஏற்றிக்கொண்டே போக வேண்டியதாயிற்று. பல்லாவரம் தாண்டும்போது முழு ஒலியில் வைத்திருப்பேன், அலுவலகத்துக்குள் நுழைந்து அப்படியே மாட்டினால் காது கிழியும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று ஒரு வரம்பு சொல்கிறது. சத்தம் ஏற ஏற அந்த நேரம் வேகமாகச் சுருங்கும். கொத்தவரங்காயோடு நான் அந்தக் கணக்கில் எங்கே நின்றேன் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

அதன் முடிவும் ரயிலிலேயே. நுங்கம்பாக்கத்தில் இறங்கும்போது பின்னால் வந்தவரின் கைப்பை வார் என் காதை உரசியது. இடது பட் வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் விழுந்தது. அது கல்லில் பட்டுத் தெறித்ததைப் பார்த்தேன். வண்டி போன பிறகு எட்டிப் பார்த்தால் கல் எது, பட் எது என்று தெரியவில்லை. தண்டவாளத்தில் இறங்கவெல்லாம் இல்லை, 799 ரூபாய்தானே. ஆனால் ஒற்றை பட் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேட்டபோது மறுபடியும் அதே பரிதாபப் பார்வை.

அடுத்தது மொச்சை. 1,299 ரூபாய். டப்பாவில் 4,990 என்று அச்சடித்து, ஆன்லைனில் அதை அடித்துவிட்டு இந்த விலையைப் போட்டிருந்தார்கள். அந்தப் பெரிய எண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள், அந்த விலைக்கு அது ஒரு நாளும் விற்றிருக்காது.

மொச்சைக்குத் தண்டே இல்லை. கொட்டை மாதிரிக் காதுக் குழிக்குள் உட்கார்ந்துவிடும். ஜிமிக்கி தொந்தரவு போயிற்று. அந்த மகிழ்ச்சி ஒரு வாரம். அதன் முதுகு முழுக்கத் தொடு பட்டன். ஒரு தட்டு தட்டினால் பாட்டு நிற்கும், இரண்டு தட்டினால் அழைப்பு துண்டாகும், அழுத்திப் பிடித்தால் கூகுள் அம்மையார் வந்து என்ன வேண்டும் என்பார். ஒரு பெண் ஒரு நாளைக்கு எத்தனை தடவை காதோர முடியை ஒதுக்குவாள் என்று இதை வடிவமைத்தவருக்குத் தெரியாது. "உங்க இன்புட் கிரெடிட் மொத்தம்..." என்று நான் ஆரம்பிப்பேன், முடி பறக்கும், ஒதுக்குவேன், லைன் கட்டாகும். நான் கோபத்தில் வைத்துவிட்டேன் என்று ஒருவர் எங்கள் ஆடிட்டரிடம் புகாரே செய்தார். ஆப்பில் போய்த் தொடுதலை முழுக்க அணைக்கலாம் என்று பிறகுதான் கண்டுபிடித்தேன். எல்லா மாடலிலும் அந்த வசதி இருக்காது, வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மொச்சையின் இன்னொரு குறை, மைக் வாயிலிருந்து வெகு தூரத்தில் இருப்பது. தண்டு எதற்கு என்பது அப்போதுதான் உறைத்தது. அது அலங்காரத்துக்கு இல்லை, மைக்கைக் கன்னப் பக்கம் கொஞ்சமாவது கீழே கொண்டுவரத்தான்.

ஏழு மாதத்தில் வலது மொச்சை செத்துவிட்டது. சார்ஜ் டப்பாவில் வைத்தால் விளக்கு எரியவில்லை. வாரண்டிக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்த நாளில், சும்மா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் இரண்டு சின்னப் பித்தளை நிறப் புள்ளிகள். ஒன்று பளபளவென்று இருந்தது. இன்னொன்றின் மேல் பழுப்பாக ஒரு மெல்லிய படலம். வியர்வை, எண்ணெய், காது அழுக்கு எல்லாம் சேர்ந்த கசடு. காய்ந்த காது குடையும் பஞ்சால் நாலு தேய்ப்பு. டப்பாவுக்குள்ளே இருக்கும் ஊசிகளையும் துடைத்தேன். வைத்தவுடன் விளக்கு எரிந்தது. ஒரு பக்கம் மட்டும் சார்ஜ் ஏறவில்லை என்று யாராவது சொன்னால் முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் தொட்டுத் துடைக்க வேண்டாம்.

தண்ணீர் என்றதும் நினைவுக்கு வருகிறது. டப்பாவில் ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருப்பார்கள். எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்கும் என்று அர்த்தம். சென்னை வியர்வைக்கும் தூறலுக்கும் அது போதும். பக்கெட்டில் விழுந்தால் போதாது, அதற்கு 7 என்ற எண் வேண்டும். நடுவில் உள்ள எக்ஸ், தூசிக்குச் சோதித்து மதிப்பெண் கொடுக்கவில்லை என்பதற்கான அடையாளம். இந்த எண்கள் எல்லாம் பெரும்பாலும் பட்ஸுக்குத்தான், சார்ஜ் டப்பாவுக்கு இல்லை. ஈரத்தோடு பட்ஸை டப்பாவுக்குள் போடுவதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் தப்பு.

இப்போது என் காதில் இருப்பது கத்தரிக்காய். நிறமும் அதுதான். 1,799. சின்னத் தண்டு, ரப்பர் மூடி, ஏ.என்.சி. உண்டு.

இந்த ஏ.என்.சி.க்கும் ஈ.என்.சி.க்கும் உள்ள வித்தியாசத்தில் நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். மொச்சையின் டப்பாவில் பெரிய எழுத்தில் ஈ.என்.சி. என்று இருந்தது, இரைச்சலைக் குறைக்கும் என்று நம்பி வாங்கினேன். குறைக்கும்தான், ஆனால் எனக்கு இல்லை, எதிர்முனையில் இருப்பவருக்கு. நாம் பேசும்போது சுற்றுச் சத்தத்தை வடிகட்ட முயல்வது ஈ.என்.சி. நம் காதுக்குள் வரும் சத்தத்தை அடக்குவது ஏ.என்.சி. வெளிச் சத்தத்தை மைக்கில் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே விட்டு இரண்டையும் அடித்துக்கொள்ளச் செய்கிறது. ஒரே சீராக வரும் தாழ்ந்த சத்தம்தான் அதற்கு எளிது. மின்விசிறி, ஏ.சி., ரயில் மோட்டாரின் ஊளை எல்லாம் சட்டென்று அடங்கும். தாம்பரத்தில் ஏறும் சமோசாக்காரரின் குரல் அடங்காது. சொல்லப்போனால், மற்ற சத்தமெல்லாம் போய்விடுவதால் அது முன்னைவிடத் தெளிவாகக் கேட்கிறது. போன மாதம் சமோசாச் செலவு கூடியதற்கு இதுதான் காரணம் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன்.

ரப்பர் மூடி காதை அடைக்கவில்லை என்றால் ஏ.என்.சி. பாதிகூட வேலை செய்யாது, பேஸும் இருக்காது. மூன்று அளவில் மூடி தருவார்கள். நம்மில் பலர் ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடு அளவோடு வாழ்ந்துவிட்டு, "சவுண்டே சரியில்லை" என்கிறோம். எனக்கு வலது காதுக்குச் சின்னது, இடது காதுக்கு நடுத்தரம். இரண்டு காதும் ஒரே அளவு இல்லை என்பது 38 வயதில்தான் தெரிந்தது.

பேச்சு எப்படிக் கேட்கிறது என்பதை நம் காதால் அறிய முடியாதே. அதனால் ஒரு வேலை செய்தேன். மொச்சையையும் கத்தரிக்காயையும் ஒரே காலை வண்டியில் மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டேன். அவன் போனில் பதிவு செய்தான். தாம்பரம், பிறகு மேலே விமானம் போகும் திரிசூலம், பிறகு மாம்பலம் நெரிசல். சொன்னது மூன்று இடத்திலும் ஒரே வாக்கியம்: "பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய், இன்றைக்குள் கட்டிவிடுங்கள்." பெட்டியில் பலர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மா இறங்கும்போது என்னை முறைத்துக்கொண்டே இறங்கினார்.

இரவு கேட்டுப் பார்த்தோம். மொச்சையில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது, திரிசூலத்தில் "அறுநூற்று" அடியோடு காணோம். கத்தரிக்காயில் தொகை முழுதாகக் கேட்டது, ஆனால் இரைச்சலை வெட்டும்போது என் குரலின் ஓரங்களையும் சேர்த்து வெட்டியிருந்தது. சளி பிடித்த மாதிரி. பரவாயில்லை, தொகை கேட்டால் போதும். மாம்பலத்தில் இரண்டும் விட்டு விட்டுத்தான் வந்தன. போன் கைப்பையில் இருந்தது, சுற்றிலும் ஆட்கள். ப்ளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடம்பு நன்றாக உறிஞ்சிவிடும், நாமெல்லாம் பெரும்பகுதி தண்ணீர்தானே. போனைக் கையில் எடுத்ததும் சரியானது. அங்கே போனைக் கையில் வைத்திருப்பது வேறொரு அபாயம், அது தனிக் கதை.

பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. இந்த விலையில் எல்லாமே இப்போது கேட்கும்படி இருக்கின்றன. பேஸை மட்டும் தாராளமாக ஏற்றி வைக்கிறார்கள். நாதஸ்வரக் கச்சேரி கேட்டால் தவில்காரர் மடியிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, நாதஸ்வரம் இரண்டு தெரு தள்ளி. ஆப்பில் பேஸை இரண்டு படி இறக்கினேன், சரியாகிவிட்டது. கோடெக், அதாவது பாட்டைச் சுருக்கி ப்ளூடூத்தில் அனுப்பும் முறை, அந்த விஷயத்தில் சண்டை போடுகிறவர்கள் போடட்டும். ரயிலுக்குள் எஸ்பிசி, ஏஏசி என்ற இரண்டு கோடெக்குக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒன்று மட்டும்: பாட்டில் நன்றாக இருந்த பட்ஸ், லேப்டாப்பில் மீட்டிங் தொடங்கியதும் தகர டப்பா மாதிரி ஆனால் ரிப்பேர் என்று நினைக்காதீர்கள். மைக் திறந்ததும் ப்ளூடூத் இருவழிப் பேச்சு முறைக்கு மாறிவிடுகிறது, அதில் ஒலியின் தரம் குறைவு. லேப்டாப் மைக்கையே தேர்ந்தெடுத்துவிட்டு, பட்ஸைக் கேட்க மட்டும் வைத்துக்கொண்டால் பழைய தரம் திரும்பிவிடும்.

பேட்டரி "40 மணி நேரம்" வரும் என்று விற்கும்போது சொல்வது சார்ஜ் டப்பாவில் இருக்கும் சார்ஜையும் சேர்த்த கணக்கு. ஏ.என்.சி. போட்டால் என் கத்தரிக்காய் ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் தாங்குகிறது. 20ஆம் தேதி மட்டும் போதவில்லை, மதிய சாப்பாட்டு வேளையில் டப்பாவில் போட்டுவிடுகிறேன்.

ஆக, என்னைப் போலப் பேச்சுதான் பிழைப்பு என்றால் சின்னத் தண்டு வைத்ததை வாங்குங்கள், தோடு போட்டுக்கொண்டே கடைக்குப் போங்கள். வீட்டில் படுத்துக்கொண்டு பாட்டுக் கேட்பவர்களுக்கு மொச்சை சுகம், தலையணை குத்தாது. அந்த மொச்சையை இப்போது தம்பி வைத்திருக்கிறான். அவனுக்கு ஒதுக்க முடி இல்லை. இன்னொன்று, எதை மாட்டியிருந்தாலும் தண்டவாளம் தாண்டும்போதும் வண்டி ஓட்டும்போதும் கழற்றிவிடுங்கள். ஏ.என்.சி. அடக்குவது எந்தச் சத்தத்தை என்று மேலே சொல்லியிருக்கிறேனே, ரயில் சத்தம்தான்.

கொத்தவரங்காயின் மிச்சமிருந்த வலது பட் அம்மாவிடம். டப்பாவோடு. காலையில் அதை ஒற்றைக் காதில் மாட்டிக்கொண்டு உபன்யாசம் கேட்டபடியே தோசை வார்க்கிறார். போன் வந்தால் மட்டும் கரண்டியோடு நான் இருக்கும் அறைக்கு வந்து காதைக் காட்டி நிற்பார்: "இதுல எங்கடி அமுக்கணும்?"