புது மண்டபம் என்றால் எது?

போன மாதம் ஆட்டோவில் ஏறி "அண்ணே, புது மண்டபம் போகணும்" என்றேன். அவர் திரும்பிப் பார்த்து, "கடைக்கா தம்பி, மண்டபத்துக்கா?" என்று கேட்டார். மதுரையில் பிறந்து வளர்ந்த எனக்கு அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. நாற்பது வருஷமாக எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு நேர் எதிரே நீளமாக நிற்கிற கல் மண்டபம்தான் புது மண்டபம். திருமலை நாயக்கர் கட்டியது, ஆகவே வயது ஏறத்தாழ 400. கோயிலுக்குள் ஆயிரங்கால் மண்டபம் முதலானவை ஏற்கெனவே இருந்தபோது இது புதிதாக எழும்பியது, ஊர் அதைப் புது மண்டபம் என்றது, அதன் பிறகு எத்தனை கட்டடங்கள் வந்தாலும் அந்தப் 'புது' இதை விட்டுப் போகவே இல்லை. வைகாசி வசந்த விழாவுக்காகக் கட்டியதால் வசந்த மண்டபம் என்றும் ஒரு பெயர் உண்டு. கோடையில் அம்மனும் சுவாமியும் வந்து அமரும்போது குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று சுற்றிலும் தண்ணீர் நிற்க ஏற்பாடு செய்திருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் இதைப் படம் வரைந்து கொண்டுபோய் 'திருமலை நாயக்கர் சௌல்ட்ரி' என்று எழுதினார்கள். அந்தச் சௌல்ட்ரி நம் சாவடி என்ற சொல்லிலிருந்து போனதுதான், ஆனால் இது வழிப்போக்கர் தங்கும் சாவடியாகக் கட்டப்பட்டதில்லை.

சரி, இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. சின்ன வயதில் புது மண்டபம் என்றால் தையல் மெஷின் சத்தம். அப்பத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தால் வெயில் சட்டென்று அணைந்துவிடும், கல் குளிரும், இரண்டு பக்கமும் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும், பாவாடையும் தலையணை உறையும் தூணுக்குத் தூண் கயிற்றில் தொங்கும், அதை விலக்கிக்கொண்டு போனால் வளையல், குங்குமம், பித்தளைப் பாத்திரம், பஞ்சாங்கம், சோதிடப் புத்தகம் என்று நீண்டுகொண்டே போகும். பள்ளி ஆண்டு விழாவுக்குப் பாரதியார் கோட்டு எனக்கு அங்கேதான் வாங்கினார்கள். சித்திரைத் திருவிழா நெருங்கிவிட்டால் நிற்க இடம் இருக்காது. அழகர் வேஷம் கட்டி, ஆற்றில் இறங்க வரும் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் சல்லடம் என்ற அரைக்கால் சட்டை, இடுப்புக் கச்சை, உருமால் என்ற தலைத்துணி எல்லாம் அங்கே தைத்து அடுக்கி வைத்திருப்பார்கள். தைக்கிறவர்களில் பலர் இஸ்லாமியர். அளவு எடுக்கும்போது, "எந்த ஊரு, முதல் வருஷமா வேஷம் கட்டுறீங்க?" என்று விசாரித்துவிட்டுத்தான் துணியில் கத்தரி வைப்பார்கள். இதை நான் பெருமையாகவே சொல்வேன்.

ஆனால் ஒன்று. அத்தனை வருஷம் போய் வந்தும் நான் அந்த மண்டபத்தைப் பார்க்கவில்லை. 124 தூண்கள், 333 அடி நீளம். திருமலை நாயக்கரும் அவருக்கு முந்தைய நாயக்க மன்னர்களும் ஆள் உயரத்துக்குக் கைகூப்பி நிற்கிறார்கள். கல் யானை கரும்பு தின்கிறது, தாய் இல்லாத பன்றிக் குட்டிகளுக்குச் சிவன் பால் கொடுக்கிறார், மூன்று முலைகளோடு தடாதகை, அதாவது மீனாட்சி, நிற்கிறாள். இவர்களில் பாதிப் பேரை ரவிக்கைத் துணி மூடியிருந்தது. ஒரு தூணில் ஆணி அடித்திருந்ததைப் பார்த்த நாளில் வயிற்றைப் பிசைந்தது. 2018 பிப்ரவரியில் கோயிலுக்குள் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்த பிறகு, கல் மண்டபத்துக்குள் இவ்வளவு துணியும் மின்கம்பியும் இருக்கலாமா என்ற கேள்வியை யாராலும் தள்ள முடியவில்லை. கடைகளைப் பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். மாற்றியது சரி என்றே நினைக்கிறேன். கடைக்காரர்களுக்கு அது லேசாக இருந்திருக்காது, தாத்தா உட்கார்ந்த தூணடியில் பேரன் உட்கார்ந்து தைத்த இடம் அது.

எனக்கு வருத்தம் தருவது வேறு. இப்போது சிலர், "இனிமேல் அந்தக் கடைகளைப் புது மண்டபக் கடை என்று சொல்லாதீர்கள், பெயர் மண்டபத்துக்குரியது" என்கிறார்கள். நான் அதை ஒப்பமாட்டேன். வசந்த மண்டபம் என்ற பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள்? புது மண்டபம் என்ற பெயரை இத்தனை தலைமுறை வாயில் வைத்திருந்தது பாவாடை தைக்கவும் குங்குமம் வாங்கவும் வந்த ஜனம்தான். "புது மண்டபத்துல தைச்சது" என்றால் அது ஒரு தரம், ஒரு விலை, ஒரு கைப்பழக்கம். கட்டடத்தை விட்டு வந்தவர்கள் அந்தப் பேச்சையும் விட்டுவிட்டு வர வேண்டுமா?

அன்றைக்கு ஆட்டோக்காரரிடம் "முதல்ல கடைக்கு விடுங்கண்ணே" என்றேன். அக்கா மகனுக்கு இந்த வருஷம் அழகர் வேஷம், அளவுச் சட்டை பையில் இருந்தது. சத்திரத்து மாடியில் பெரியவர் ஒருவர் சட்டையை விரித்துப் பார்த்தார், சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டார், "பங்குனி கடைசில வாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டின் தலைப்பில் கடைப் பெயருக்குக் கீழே, பழைய அச்சிலேயே, 'புது மண்டபம், மதுரை' என்று இருந்தது.