ஐப்பசி ஈரத்துக்கு அசையாத ஸ்டாக்: ரைஃபிள் பெட்டிங் செய்த அனுபவம்

கோடையில் சரியாக அடித்த ரைஃபிள் ஐப்பசி மழைக்குப் பிறகு தள்ளி அடிக்கிறதா? மன்னார்குடி, திருவாரூர் பக்கம் குறிபார்க்கும் சைட்டைத் தொடுவதற்கு முன் ஸ்டாக்கை, அதாவது ரைஃபிளின் மரக்கட்டையை, பார்ப்பது நல்லது. ஈரம் குடித்த மரம் உப்பிப் பேரலைத் தொடும், பங்குனியில் வற்றியதும் ஸ்க்ரூ தளரும். மேலும் மேலும் முறுக்கினால் மரம் நசுங்குமே தவிர பிடிமானம் வராது.

போல்ட் ஆக்‌ஷனுக்கு (கைப்பிடித் தண்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) நாங்கள் செய்வது பில்லர் (தாங்கு குழாய்) வைத்த அரால்டைட் பெட்டிங், அதாவது பேரல் பொருந்தும் ஆக்‌ஷன் எனும் இரும்புப் பகுதி அசையாமல் பதிய ஸ்டாக்கின் பள்ளத்தில் எபாக்சிப் பசை இடுவது. சேம்பர் (தோட்டா இருக்கும் அறை) காலி என்று விரல் விட்டுப் பார்த்த பிறகே கழற்றுகிறோம். ஆக்‌ஷன் ஸ்க்ரூ இறங்கும் துளைகளில் அலுமினியக் குழாய்த் துண்டுகளை ஒட்டினால் இறுக்கம் மரத்தின் மேல் விழாது. ஸ்க்ரூவின் பக்கம் குழாயில் உரசக்கூடாது.

அடுத்து ரீகாயில் லக், சுடும்போது வரும் உதையை ஸ்டாக்குக்குக் கடத்தும் இரும்புக் கட்டி. சுற்றிலும் 2 மி.மீ. மரத்தை உளியால் எடுக்கிறோம். உதை விழுவது லக்கின் பின்முகத்தில். அது மட்டும் பசையில் முழுசாகப் பதிய வேண்டும். முன்முகம், பக்கங்கள், அடி மூன்றுக்கும் இன்சுலேஷன் டேப். ட்ரிகர் இடத்தையும் மற்ற பள்ளங்களையும் பிள்ளைகள் விளையாடும் கிளே கொண்டு அடைக்கிறோம். ஆற்று வண்டல் ஆகாது, அதன் ஈரம் பசையைக் கெடுக்கும். பிறகு ஆக்‌ஷன் முழுக்க, ஸ்க்ரூ மரை உட்பட, மெழுகு ஷூ பாலிஷ் இரண்டு பூச்சு. பாதி நேரம் இதற்கே போனாலும் தகும். நகக்கண் அளவு விட்டுப்போனால்கூட இரும்பு மரத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

சாதாரண அரால்டைட்டே போதும், ரெசினும் ஹார்டனரும் சம அளவு. 5 நிமிட வகை வேண்டாம். சித்திரை வெயிலில் பசை சீக்கிரம் இறுகிவிடும், விடியற்காலையில் கலக்குங்கள். ஆக்‌ஷனை உட்காரவைத்து, ஸ்க்ரூவை விரலால் மட்டும் திருகி, சைக்கிள் ட்யூப் சுற்றி 24 மணி நேரம் விடுங்கள். அப்போது முறுக்கினால் ஆக்‌ஷன் வளைந்த நிலையிலேயே பசை இறுகும்.

சோதனை எளிது. இரண்டு ஸ்க்ரூவையும் இறுக்கிவிட்டு, ஸ்டாக் நுனியும் பேரலும் சேரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ஒன்றைத் தளர்த்துங்கள். பேரல் எழும்புவது விரலுக்குத் தெரிந்தால் பெட்டிங் திரும்பச் செய்ய வேண்டும். தாள் ஒன்று பேரலுக்கு அடியில் தடையில்லாமல் ஓடவும் வேண்டும்.

பழைய லீ என்ஃபீல்டு ரைஃபிளுக்கு முறை வேறு. கட்டை இரண்டு துண்டு. முன்கட்டையைக் கழற்றாமல் பின்கட்டையின் நீள போல்ட்டைத் திருகினால் முன்கட்டை பிளந்துவிடும்.

கடைசியாக, செதுக்கிய உட்பக்கம் எல்லாம் பாலியூரித்தேன் இரண்டு பூச்சு. ஸ்டாக்கின் பின்முனையில் உள்ள பட் பிளேட்டைக் கழற்றி அதற்கு அடியிலும் பூசுங்கள். மரம் அதிகம் நீர் குடிப்பது அந்த வெட்டு முனை வழியாகத்தான்.